நெவிலின் பெட்ரோல் முள்

எங்கள் மால்வர்ன் தெருவில் நெவிலின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு முப்பது வயது. மைல் காட்டும் கருவி செத்து மூன்று வருஷமாகிறது. அந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: காரும் பெட்ரோல் முள்ளும் ஒத்துப்போகாவிட்டால் பொய் சொல்வது முள்தான். ஆகவே திங்கட்கிழமை நிரப்பிய டாங்கில் புதன்கிழமை கால்வாசியைக் காணோம் என்று முள் காட்டியபோது, நெவில் முள்ளைத்தான் சந்தேகப்பட்டார். மனைவியை அல்ல.

செவ்வாய்க்கிழமை பழைய கார்க்காரர்களின் சங்கம் பப்பில் கூடும். காரில் போனால் பியர் குடிக்க முடியாது. பியர் குடிக்காமல் காரைப் பற்றிப் பேச முடியாது. அதனால் நெவில் பத்து மணி பஸ்ஸில் போவார். பத்தேகாலுக்கு அவர் மனைவி ஆட்ரி பச்சை ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு கராஜைத் திறப்பாள். நாலு மணிக்குத் திரும்புவாள். போவது லட்லோவுக்கு, சர்ச் ஆர்கன் பழுது பார்க்கும் மால்கம் வீட்டுக்கு. அங்கே மால்கமுக்கு அடுத்த வீட்டில்தான் என் தங்கை இருக்கிறாள். நான் துருவிக் கேட்கவில்லை. செய்தி தானாக வந்தது. தெருவில் மற்றவர்களுக்கும் தானாகவே போனது.

நெவில் கோடை முழுக்க அந்த முள்ளோடு மல்லுக்கட்டினார். சங்கத்து ரெஜ் வந்து யோசனை சொல்வார்.

"டாங்குக்குள்ள இருக்கிற மிதவைய மாத்தினியா?"

"மாத்தியாச்சு."

"எர்த் ஒயரு?"

"பெயிண்ட சுரண்டி, புதுசா முறுக்கிட்டேன்."

"அப்ப டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற வோல்டேஜ் டப்பாதான். சும்மா சூடாகும், உருப்படியா ஒண்ணும் பண்ணாது. என் மாமியார் மாதிரி."

தேநீர் கொண்டுவந்த ஆட்ரி, "ஒரு முள்ளுக்கு இவ்வளவு பாடா? விட்டுத் தொலைங்களேன்," என்றாள்.

"பொய் சொல்றத எப்படிம்மா வீட்டுல வச்சுக்கிறது?"

அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆட்ரி கோப்பைகளை வைத்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

டப்பாவையும் மாற்றினார். பிறகு டாங்கை வடித்து, ஒவ்வொரு கேலனாக ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டுக் கோடு கிழித்தார். குச்சியும் முள்ளும் அச்சு அசலாக ஒத்துப்போயின. தெருவே கேட்கும்படி விசிலடித்தார்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை குச்சியோடு என் வேலியருகே வந்து நின்றார்.

"டோரீன், மூணு கேலன் குறையுது. குச்சியும் அதையேதான் சொல்லுது."

"வெயில் காலமில்ல, ஆவியாப் போயிருக்கும்."

"மூணு கேலனா?"

ஊரார் விஷயமெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் நான் வேலிச் செடியில் காய்ந்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன். நான் தெருவை வேடிக்கை பார்க்கும் ஜன்னலின் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றுகூடக் கேட்கவில்லை. "ஆமா, வெயில்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே டாங்கிலிருந்து முள்ளுக்குப் போகும் ஒயரைத் தன் கையாலேயே கழற்றிவிட்டார். முள் காலியில் படுத்துக்கொண்டது. "அது தேறாது, விட்டுட்டேன்," என்று ஆட்ரியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு கேன் நிறையப் பெட்ரோல் வாங்கி, மூடியை இறுக்கி, கம்பளியில் சுற்றி டிக்கியில் வைத்தார். மறுநாள் பத்து மணி பஸ்ஸில் ஏறினார்.

பத்தேகாலுக்கு ஆட்ரி வந்தாள். கைப்பையை வைக்க டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கம்பளியை விலக்கி, கேனைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்தாள். வீட்டுக்குள் போனாள். அரைமணி நேரம் கழித்து ஒரு பெட்டியோடும் மழைக்கோட்டோடும் வெளியே வந்தாள். அழுதிருந்தாள். காரைக் கிளப்பிப் போனவள் கராஜ் கதவைக்கூடச் சாத்தவில்லை.

நாலு மணியானது, ஆறானது. நெவில் காலிக் கராஜின் வாசலில் கோட்டைக் கழற்றாமல் நின்றார். நான் தெருவைத் தாண்டிப் போனேன்.

"கேனப் பாத்தாளா?"

"பாத்தா, நெவில். அப்புறம்தான் பெட்டி எடுக்க உள்ள போனா."

கராஜ் கதவைச் சாத்தப் போனவர் பாதியில் விட்டுவிட்டார்.

"போகச் சொல்லிட்டேன்னு நெனச்சிருக்கா," என்றார். "வழியில தீந்துட்டா திரும்பி வர்றதுக்குத்தான் வச்சேன், டோரீன்."