ராசாத்தியின் நெற்றிப் பொட்டு

பெட்டியைப் பிரித்த நிமிசத்திலிருந்து பொற்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. புது லேப்டாப்! ஒரு நோட்டுப் புஸ்தகத்தின் கனம்தான். போத்தனூரில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுத்துத் தானே வாங்கியது. மூடுவதும் திறப்பதுமாக இருந்தவளை அம்மா தெய்வாத்தாள் விரட்டினாள். "அது எங்க ஓடியா போகுது? போய்த் தண்ணி வாத்துக்கிட்டு வா கண்ணு. பதினோரு மணிக்கு இன்டர்வியூன்னியே!"

பழசு இன்னும் மேசையில்தான் இருந்தது. அதற்குப் பேர் ராசாத்தி. பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அந்த ஊட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர். கீல் உடைந்து, முதுகுக்கு அரிசி டப்பாவை முட்டுக் கொடுத்தால்தான் உட்காரும். எத்தனை இம்சை பண்ணினாலும் பொற்கொடி அதைத் திட்டியதில்லை. எம்எஸ்சி வரைக்கும் கூடவே படித்த சீவனாயிற்றே! ஆனால் அதன் கேமரா ஆறு வருசமாக இருட்டு. கண்ணு அவிஞ்சுபோச்சு என்று விட்டுவிட்டாள். அதனாலேயே ஒரு கம்பெனியின் ஆன்லைன் கணக்கு டீச்சர் வேலை இரண்டு தடவை கைநழுவிப் போனது. மூஞ்சி தெரியாத டீச்சரிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? இன்றைக்கு மூன்றாவது தடவை. இதையும் விட்டால் அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடாது.

குளித்துத் தலை சீவிப் புதுசின் முன்னால் உட்கார்ந்தாள். கம்பெனியிலிருந்து ரங்கராஜ் சார் திரையில் வந்தார்.

"அம்மணி, கேமராவப் போடுங்க."

"போட்டுட்டேனுங்க சார்."

"தெரியலீங்களே. இருட்டாத்தான் இருக்குது."

அடக் கெரகமே, புதுசுமா! பொற்கொடி அமுக்காத பட்டன் இல்லை. அதே இருட்டு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "காலைலதானுங்க சார் பெட்டியப் பிரிச்சோம். அம்மா பூசையெல்லாம் போட்டாங்க..."

"பூசையா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க அம்மணி, பொட்டு எங்க வெச்சீங்க?"

திரைக்கு மேலே, நட்டநடு நெற்றியில், கேமராவின் கண்ணை மறைத்துக்கொண்டு சந்தனமும் குங்குமமும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் தெய்வாத்தாள் வைத்தது. ராசாத்தியிலும் அதே இடத்தில் பார்த்துப் பழகிய பொட்டாதலால் அது அவள் கண்ணிலேயே உறைக்கவில்லை.

"தொடைச்சுப்போட்டு வாங்க" என்று சிரித்தார் அவர். "எங்க ஆபீஸ் பிரிண்டருக்கே மூணு பொட்டு இருக்குதுங்க."

துப்பட்டா நுனியால் ஒரே இழுப்பு. பளிச்சென்று வந்தது முகம்! அப்புறம் பார்க்க வேண்டுமே அவளை! ஒரு தேங்காய் பன்னை எட்டாக வெட்டிப் பின்னக் கணக்கை நடத்தினாள். "திங்கக்கெழமையே சேந்துக்கறீங்களா?" என்று ரங்கராஜ் கேட்டேவிட்டார்.

தாயும் மகளும் குதித்த குதியில் அரிசி டப்பா உருண்டது. முட்டுப் போன ராசாத்தி மல்லாக்க விழுந்தது. அதன் நெற்றியிலும் பொட்டு. வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, காய்ந்து அடையாகிப் போன பொட்டு.

பொற்கொடியின் சிரிப்பு நின்றது. நகத்தால் சுரண்டினாள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தூக்கி நிறுத்திக் கேமராவைப் போட்டாள். கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் மஞ்சளாக, அவள் முகம் வந்தது. அவிந்துபோனதாக நினைத்த கண் ஆறு வருசமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"ஐயோ!" தெய்வாத்தாள் வாயில் கை வைத்தாள். "ரெண்டு தடவ உன்ற வேலையக் கெடுத்தது என்ற கைதானா?"

பொற்கொடிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு தடவையும் அவள் அழுத அழுகை அப்படி. பொறவு ராசாத்தியின் திரையில், தன் தோளுக்குப் பின்னால் பயந்துபோய் எட்டிப் பார்க்கும் அம்மாவின் முகத்தைக் கண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உடும்மா. இவளுக்கும் பார்வை வந்துபோச்சு."

தெய்வாத்தாள் குங்குமச் சிமிழை எட்டத் தள்ளி வைத்தாள். பொற்கொடி அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள். இரண்டு லேப்டாப்பையும் மூடி முன்னால் வைத்தாள்.

"இனி வெளிய, மூடி மேல வையி. முதல்ல ராசாத்திக்கு."