ஏழாவது பெயர்

கல்கத்தாவில் கெரோ என்றால் யாரும் பதறமாட்டார்கள். ஒருத்தரை அவருடைய அறையிலேயே வைத்துச் சுற்றி வளைத்துக்கொள்வது. அடிக்கக்கூடாது, விடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். மின்விசிறியை நிறுத்துவார்கள். தண்ணீர் தரமாட்டார்கள். கக்கூசுக்குப் போகக்கூட விடமாட்டார்கள். கேட்டதைக் கொடுத்தால் கதவு திறக்கும். கொடுக்காவிட்டால் உட்கார வேண்டியதுதான்.

கார்டன் ரீச்சில் ஒரு மத்திய அரசு அலுவலகம். 1998 ஜூன் மாதம், மழை வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் மாடியில் பிமலேந்து சான்யாலை எதிர்க்கட்சிச் சங்கத்துக்காரர்கள் மடக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தபோது மணி பதினொன்று. கீழே பில் பிரிவில் இருந்த சௌந்தரராஜன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். அலுவலகத்தில் இருந்தவை சங்கங்கள்தான். ஆனால் யாரும் அவற்றைச் சங்கம் என்று சொல்வதில்லை. இது நம்ம கட்சி, அது அவங்க கட்சி, அவ்வளவுதான். நம்ம ஆள் ஒருத்தனை அவர்கள் வளைத்தால் நம்ம ஆட்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய் அவனோடு உட்கார வேண்டும். உள்ளே போக யாரும் தடுப்பதில்லை. வெளியே வரத்தான் முடியாது.

முதலில் உள்ளே போனவர் சௌந்தரராஜன்தான். ஐம்பத்து நாலு வயசு, சர்க்கரை வியாதி, இதெல்லாம் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பிமலேந்து அவருக்கு வெறும் தோழர் இல்லை. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் முழித்த காலத்தில், டிராமில் கூட்டிக்கொண்டு போய் ஊரைக் காட்டின மனுஷன். அவர்மேல் ஒரு புழுதி பட விடுவதா? கிளைச் செயலாளர் கோஷாலும் இன்னும் ஒன்பது பேரும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். பிமலேந்துவின் மேஜையைச் சுற்றிக் கையோடு கை கோத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே எழுபது எண்பது பேர். கதவு சாத்தியாயிற்று. மின்விசிறி நின்றது.

குற்றச்சாட்டு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற கமிட்டியில் பிமலேந்துதான் கட்சியின் ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டு வீடுகள் காலியாயின. யார் யாருக்கு என்ற வரிசை ஃபைலுக்குள்ளேயே இருந்தது. நோட்டீஸ் போர்டில் பெயர்களை மட்டும் அகரவரிசையில் ஒட்டினார்கள். பியூன் தாயம்மாள் அந்த ஃபைலை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவள். இங்கிலீஷில் அவளுக்குத் தன் பெயரை மட்டும்தான் படிக்கத் தெரியும். ஏழாவதாக அது இருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஒட்டின பட்டியலில் அவள் இல்லை.

புருஷன் வேலையில் இருக்கும்போதே செத்து, அந்த வேலை அவளுக்கு வந்தது. சாக்கடைக்கு மேலே தகரம் போட்ட ஒரே அறையில், வயசுக்கு வந்த மகளோடு இருக்கிறாள். அன்றைக்கு நேராக சௌந்தரராஜனிடம்தான் ஓடிவந்தாள். தமிழ் தெரிந்தவர், கட்சிக்காரர், நாலு எழுத்துப் படித்தவர். அவர் பட்டியலைப் பார்த்தார், தன் பெயர் இருந்தது, சந்தோஷப்பட்டார். தன் முறை வந்தது, கிடைத்தது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தாயம்மாளிடம், நீ நம்பரைத் தப்பாகப் பார்த்திருப்பாய், லிஸ்ட் என்றால் லிஸ்ட்தான், பொறுமையாக இரு என்று சொல்லி அனுப்பினார். அவளும் நம்பினாள். ஒரு வருஷம் நம்பினாள். பிறகு யார் பேச்சைக் கேட்டோ எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து சௌந்தரராஜனுக்கு அவள்மேல் கோபம். லேக் மார்க்கெட்டில் எதிரே வந்தால்கூட முருங்கைக்காயைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது அவளும் வெளியே கூட்டத்தில் இருந்தாள். யாரோ ஒருத்தனுக்காகத் தாயம்மாளின் பெயரை அடித்திருக்கிறார்கள், அது யார் என்று தெரிய வேண்டும், ஃபைலைக் கொடு. எதிர்க்கட்சித் தலைவன் மைத்தி கதவுக்கு வெளியே நின்று இதையே பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்தினான்.

பன்னிரண்டு மணிக்குள் அறை அடுப்பாகிவிட்டது. சட்டைகள் முதுகில் ஒட்டிக்கொண்டன. கோத்த கைகள் வேர்வையில் வழுக்கின, மறுபடி கோத்துக்கொண்டார்கள். கட்டை குட்டையாக இருந்த ஒருவர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினார். கோஷால் ஒரு காலி பாட்டிலை நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பிமலேந்து, உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து ஃபைலை உருவி சௌந்தரராஜனிடம் கொடுத்தார். அவர்கள் கதவை உடைத்தால் முதலில் என்னைத்தான் சோதிப்பார்கள், உன்மேல் கை வைக்கமாட்டார்கள், மடியில் வைத்துக்கொள் என்று காதோடு சொன்னார். திறக்காதே என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் கையில் ஃபைலைக் கொடுத்துத் திறக்காதே என்றால் நடக்கிற காரியமா? நாற்காலியில் உட்கார்ந்தவர், மேல் அட்டையை விரலால் நெம்பினார்.

தட்டச்சு செய்த வரிசையில் ஏழாவது பெயர் தாயம்மாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் பிமலேந்துவின் கையெழுத்தில், மருத்துவக் காரணம் என்ற குறிப்போடு, எஸ். சௌந்தரராஜன்.

மூலப்பட்டியலில் தன் பெயரைத் தேடினார். பத்தொன்பதாவது. மருத்துவக் காரணம் என்று அவர் யாரிடமும் ஒரு துண்டுச்சீட்டுகூட எழுதிக் கொடுத்ததில்லை.

பிமலேந்து மறைக்கவில்லை. தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். லேக் கார்டன்ஸில் அந்த ஈரச்சுவர் அறையில் உன் மனைவி வித்யாலட்சுமி மூச்சு விடமுடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள் என்றும், மறுநாள் நீ சிவந்த கண்ணோடு வந்து பில் போடுவாய் என்றும், வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்கமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. இப்போது அவள் நன்றாகத்தானே இருக்கிறாள்?

நன்றாகத்தான் இருந்தாள். இரண்டாம் மாடி, காலை வெயில், ஆற்றுக்காற்று. வித்யாலட்சுமி குளிர்காலத்தில்கூட இருமுவதில்லை. படுபாவி, இப்படியா ஒரு மனுஷன்மேல் அன்பு வைப்பது? பிமலேந்துவைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஃபைலை மூடினார். நீ தப்பாகப் பார்த்திருப்பாய் என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன தன் குரல் காதிலேயே நின்றது.

சொன்னால் வீடு போகும், வித்யா மறுபடி ஈரச்சுவருக்குப் போவாள், பிமலேந்துவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் தாயம்மாளின் மகள் அந்தச் சாக்கடைமேலேயே கிடப்பாள். எழுந்து போய்விடலாம் என்றால் கதவு அவர்கள் கையில் இருக்கிறது.

ஒரு மணிக்கு அவர் கை நடுங்க ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரம் தப்பினால் வருகிற நடுக்கம். வராந்தாவைப் பார்த்த கம்பி ஜன்னல் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே ஏதோ வாக்குவாதம் கேட்டது. தாயம்மாள் மைத்தியோடு வங்காளத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சர்க்கரைக்காரர், விழுந்து வைத்தால் பழி யார் தலையில், உங்கள் தலையிலா என் தலையிலா என்று கேட்டாள். மைத்தி வழி விட்டான். ஜன்னலுக்கு வந்தாள். தினமும் அவர் மேஜையில் தண்ணீர் வைக்கிறவள். மாத்திரை எத்தனை மணிக்கு என்று அவருக்கே மறந்தாலும் அவளுக்கு மறக்காது. கம்பிக்கு நடுவே ஒரு பாட்டில் தண்ணீரும், தன் டப்பாவிலிருந்து பொடி தடவின இரண்டு இட்லியும் நீட்டினாள்.

"சாப்புடுங்கண்ணே" என்றாள். "நீங்க உள்ள இருக்கறதப் பாத்தப்புறம்தான் எனக்கு தெம்பு. நீங்க கேட்டா அவரு மறைக்க மாட்டாரு. அந்தப் பேரு யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இட்லியைக் கையில் வாங்கியாகிவிட்டது. வாயில் போட முடியவில்லை. ஒரு வருஷமாக அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பின வெட்கம் ஒரு பக்கம், அவள் வீட்டில் தான் தூங்கி எழுகிறோம் என்பது ஒரு பக்கம். சுற்றிலும் இருந்த ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அது நான்தான் தாயம்மா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உன் பேர அடிச்சு என் பேரப் போட்டிருக்காங்க."

அவள் முகம் மாறவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்வாளோ என்று அவர் நினைத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னாலிருந்து மைத்தி என்ன சொல்கிறார் என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், உப்பு போதவில்லையாம் என்று வங்காளத்தில் சொன்னாள்.

பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "இத வங்காளத்துல சொல்லுங்கண்ணே. எனக்கு மட்டும் சொல்லி என்ன ஆகப்போவுது?"

சவுக்கால் அடித்தாற்போல இருந்தது சௌந்தரராஜனுக்கு. தான் உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகியிருந்தது. அது எவ்வளவு கேவலமான லேசு என்று இப்போது தெரிந்தது. இட்லியை விழுங்கினார். தண்ணீரைக் குடித்தார். நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தார். வித்யாவின் இருமல் ஞாபகம் வந்தது. பிமலேந்துவின் பக்கம் பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்து பார்க்காமல் எழுந்தார். ஃபைலை நாற்காலியில் வைத்தார்.

வங்காளத்தில், இத்தனை வருஷமாகியும் மெட்ராஸ் வாடை போகாத வங்காளத்தில், கதவைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெயர் என்னுடையது. அந்த வீடு தாயம்மாளுடையது.

கோஷாலுக்குப் பாம்புக்காது. முதல் வாக்கியம் முடிவதற்குள் முஷ்டியை உயர்த்திவிட்டார். "சௌந்தர்தா ஜிந்தாபாத்!" சௌந்தர் அண்ணன் வாழ்க.

ஒன்பது தொண்டைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. அவர்களில் பாதிப்பேருக்கு அவர் என்ன சொன்னார் என்றே தெரியாது. பசியிலும் புழுக்கத்திலும் இருந்தவர்களுக்குக் கத்த ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். சௌந்தரராஜன் மறுபடி சொன்னார். அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். வெளியே மைத்தியின் ஆட்கள் விடுவார்களா? கெரோ சோல்பே, சோல்பே என்று, கெரோ நடக்கும், நடக்கும் என்று, அவர்கள் பங்குக்குக் கூரையைப் பிளந்தார்கள். சௌந்தரராஜன் ஃபைலை எடுத்து ஜன்னல் வழியே கொடுத்துவிடலாம் என்று திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. கோஷாலின் சட்டை வயிற்றருகே சதுரமாகப் புடைத்திருந்தது. பிமலேந்து மட்டும் கத்தவில்லை. மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கோஷால் சௌந்தரராஜனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வெக்கை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உட்காருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார். உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை. எதிரி கழுத்தைப் பிடித்தால் கையைத் தட்டிவிடலாம், தோழன் கட்டிப்பிடித்தால் என்ன செய்வது? இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவர் கையைக் கோத்துக்கொண்டார்கள். மூன்று மணிநேரம் அப்படியே உட்கார வைத்தார்கள். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஜிந்தாபாத் போட்டார்கள்.

நாலரைக்குப் போலீஸ் வந்தது. விசாரணைக் கமிட்டி போடுவதாக அதிகாரி வாயால் சொன்னார். மைத்திக்கு அன்றைக்கு அது போதும். கதவு திறந்தது.

கட்சிக்காரர்கள் பிமலேந்துவை முன்னால் விட்டார்கள். முதலில் உள்ளே போன ஆளைச் சும்மா நடக்கவிடுவார்களா? இறக்குங்கள், இறக்குங்கள் என்று கத்தக் கத்த சௌந்தரராஜனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கால் தரையில் படவில்லை. அவர் பெயர் மாடிப்படி முழுக்க முழங்கியது.

வராந்தா முனையில் தாயம்மாள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் தாண்டும்போது அவர் குனிந்து, இத்தனை சத்தத்துக்கு நடுவே, தமிழில் கத்தினார்.

"வங்காளத்துல சொல்லிட்டேன் தாயம்மா!"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"கேட்டுச்சுண்ணே" என்றாள். "எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."