ஆறு மில்லிக் காய்

1996 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, தேவாரம் ஊர் சினிமாக் கொட்டகையில் மேட்னி முடிந்து வெளியே வந்த மொக்கைச்சாமியின் சட்டைப் பையில் பதினான்கு ஏலக்காய்கள் இருந்தன. உள்ளே போகும்போது பை காலி. அத்தனையும் எட்டு மில்லி, அதாவது எட்டு மில்லிமீட்டர் பருமன், நன்றாக முற்றியவை. மலையில் கோடை மழை பொய்த்த அந்த வருஷம் அப்படிப்பட்ட காய் சந்தைக்கே வரவில்லை. ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டுத் தரம் பிரிப்பது மொக்கைச்சாமியின் வேலை. ஆகவே முதலாளி நல்லகண்ணு சந்தேகப்பட்டு, மூன்று வாரம் கொட்டகை வாசலில் நின்று அவர் பையைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார். மூன்று வாரமும் பை காலியாகப் போயிற்று. இரண்டு வாரம் காயோடு திரும்பியது. நடு வாரம் ஓடிய படம் சரியில்லை. அதன்பின் நல்லகண்ணு பேச்சை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைப் பிற்பகலை அவருக்கு விடுமுறையாக்கினார்.

தேனியிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் மொக்கைச்சாமி ஏற்கெனவே பட விமர்சனம் எழுதிவந்தார், வாரம் எட்டு வரி. இப்போது வாசகர்கள் ஏழு வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போனார்கள்: காய் ஒன்பது, ஏழு மில்லி. டிசம்பர் கடைசி இதழில் அந்த வருஷத்தின் சிறந்த படங்களைப் பருமன் வாரியாக அடுக்கித் தருவார். பருமனை மட்டும் பார்த்தால் போதுமா, எண்ணிக்கைக்கு மதிப்பில்லையா என்று பண்ணைப்புரத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வருஷந்தோறும் கடிதம் போட்டார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, இறுக்கமான உடுப்பு மாட்டிக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் பறக்கிறவர்களின் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்தன. முதல் படத்திலேயே மொக்கைச்சாமியின் பை கிழிந்தது. நெல்லிக்காய்ப் பருமனில், கண்ணைப் பறிக்கும் பச்சையில் முப்பது காய்கள். உரித்தால் ஒன்றிலும் அரிசி, அதாவது விதை, இல்லை; வெறும் காற்று. 'பறக்கிறவனுக்கு விழுகிற பயம் இருந்தால்தான் பார்க்கிறவன் நாற்காலிக் கையைப் பிடிப்பான். இவர்களுக்கு அது இல்லை' என்று எழுதினார். மூன்று வருஷம் கழித்து வந்த ஒரு படத்தில் மட்டும், துவைத்த உடுப்பு காயாமல் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றக் கிளம்புவான் ஒருவன். அந்தப் படம் தந்த காய் ஒன்றுக்குள் மூன்று அரிசி இருந்தது. அதையும் விடாமல் எழுதினார்.

இரண்டாம் பாகங்களை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை. அவை செடிக்கடியில் உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிய காய் என்பது அவர் தீர்ப்பு. ஜீப்பேறி மலைக்குப் போய்ச் செடியில் காய் எடுத்துவரும் அவர் மனைவி பவுனு அதை ஒப்புக்கொண்டதில்லை. "மொத எடுப்புல என்னைக்கு நல்ல காய் வந்திருக்கு? அதுக்கப்புறந்தேன் செடி தெளியும். இவுக சல்லடையத்தேன் பாத்திருக்காக, செடியப் பாத்ததில்ல" என்பாள்.

2005 பொங்கலுக்குப் பவுனின் அண்ணன் சுந்தரலிங்கம் தன் தேவாரம் கொட்டகையில் ஒரு இரண்டாம் பாகத்தைப் போட்டார். ஆள் வராமல் கொட்டகை நொடித்திருந்தது. இந்தப் படமும் ஓடாவிட்டால் அது கல்யாண மண்டபமாகிவிடும். வாங்க வந்தவர் சமையற்கட்டுக்கு இடம்கூட அளந்துவிட்டார். "மாப்ள, ஒரே ஒரு வாட்டி வந்து பாருங்க. ஒங்க பையத்தேன் நம்பிருக்கேன்" என்று சுந்தரலிங்கம் வீடு தேடி வந்து கேட்டார். பவுனு துவைத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இடைவேளைக்குப் பிறகு சுந்தரலிங்கம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, மைத்துனர் தோளில் பாசமாகக் கை போட்டுக்கொண்டார். படம் முடிந்ததும் கொட்டகை வாசலில் நாற்பது, ஐம்பது பேர் காத்திருந்தார்கள். மொக்கைச்சாமி பையில் கைவிட்டு அள்ளினார். இருபது காய், எட்டு மில்லி. விசில் பறந்தது. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அது பச்சையாகியிருந்தது. சாயக் காயைக் கண்டுபிடித்து ஒதுக்கியே இருபது வருஷம் சம்பளம் வாங்கியவர் அவர். சுந்தரலிங்கம் போஸ்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொக்கைச்சாமி மறுபடி பையில் கைவிட்டார். அடியில், தையலோரம் ஒன்று இருந்தது. ஆறு மில்லி, வெளிறிய நிறம். இரண்டையும் இரு கையில் நீட்டினார். "இம்புட்டும் மச்சான் போட்டது. இது ஒண்ணு படம் போட்டது."

"ஏலே, சுந்தரலிங்கத்துக்குக் காய்க்குற வித்தையும் வந்திருச்சுடா!" என்று யாரோ சொல்லச் சிரிப்பு வெடித்தது. சுந்தரலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள் மொக்கைச்சாமி அந்தச் சிறு காயை நகத்தால் கீறியிருந்தார். உள்ளே கறுத்த அரிசி இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. வாசனை கொட்டகையைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் நின்ற பொட்டிப்புரத்துக்காரர்களுக்கும் போயிற்று. அவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த ஒரு காயை எந்தக் காட்சி தந்தது என்பதுதான் பிறகு கேள்வி. மொக்கைச்சாமிக்கே தெரியவில்லை. கிணற்றடிச் சண்டை என்றார்கள் சிலர். அக்காள் பேசாமல் சோறு போடும் இடம் என்றார்கள் பெண்கள். முடிவுகட்ட மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. படம் நாற்பத்தோரு நாள் ஓடியது. சமையற்கட்டுக்கு அளந்தவர் மண்டபத்தைச் சின்னமனூரில் கட்டிக்கொண்டார். டிசம்பர் இதழில் பருமன் கணக்கை அந்த ஒரு முறை ஒதுக்கி அந்தப் படத்தை முதலில் வைத்து, 'செடியைப் பார்த்தவர்கள் சொன்னதே சரி' என்று ஒரு வரி சேர்த்தார் மொக்கைச்சாமி. பவுனு அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

2010இலும் கொட்டகை நடந்தது. சனிக்கிழமை காலையில் பவுனு சட்டையை நனைக்கும் முன் பையைத் தடவிப் பார்ப்பாள். இருந்ததைத் தட்டி டீயில் போடுவாள். நல்ல படம் வராத மாதங்களில் மட்டும் அவர்கள் வீட்டுக்குக் கடையில் ஏலக்காய் வாங்கினார்கள்.