வலது மூலையில் ஒரு வெள்ளை

டிசம்பர் 10, புதன்.

சென்ற மாதக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. மலைப் படத்தைப் பற்றி, "வலது கீழ் மூலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி, கண்ணை இழுக்கிறது, வெட்டிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். அது துணி இல்லை. அழகாயி அக்கா.

எப்படித் தெரிய வந்தது என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறுமாதிரி நினைவிருக்கும்.

மழைக்கு முன், வீதி வளைவில் நின்று எதிர்ச்சரிவைப் பார்த்து எடுத்த படம் அது. மாத்தளையில் மாலைநேரப் புகைப்பட வகுப்பு நடத்தும் பஸ்லி சேர் கொடுத்த பயிற்சி. மலைமுகடு, படத்தை மூன்றாகப் பிரிக்கிற கோடுகளில் மேல் கோட்டில் இருக்க வேண்டும், பார்வையை மலையிலிருந்து இழுக்கிற எதுவும் உள்ளே வரக் கூடாது. நான் எடுத்ததில் தகரக் கூரை, நீலப் பீப்பாய், அந்த வெள்ளை எல்லாம் இருந்தன. சேர் சொல்லித் தந்தபடி 'ட' மாதிரி வெட்டிய இரண்டு அட்டைகளைப் படத்தின் மேல் எதிரெதிராக வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கீழ்ப்பகுதி முழுவதையும் நீக்கினேன்.

"இப்பதான் இது மலைப் படம், ஜெஸ்லா," என்றார் சேர். "முந்தி வாடகைக்கு வீடு காட்டுற மாதிரி இருந்திச்சு." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வாப்பா அதைப் பிரேம் போட்டு, உக்குவளையில் எங்கள் மிளகுக் கடையில் தராசுக்கு மேலே மாட்டினார்.

பிறகு மழை. அந்தச் சரிவு ஒரே இரவில் இறங்கியது. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் இராசமாணிக்கம் அண்ணன் பஸ் இல்லாததால் அன்று கடையிலேயே படுத்துவிட்டார். அவர் மனைவி அழகாயி அக்கா அந்தச் சரிவின் அடியில் இருந்த வீட்டில் தனியாக இருந்தார். மண்ணைத் தோண்டி அவரை எடுத்த பிறகு சவப்பெட்டியை யாருக்கும் திறந்து காட்டவில்லை.

இன்று காலை அண்ணன் வந்தார். வேலைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் படம், அடையாள அட்டை எல்லாம் மண்ணுக்குள். பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷப் படங்களில் அக்கா எப்போதும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால்.

"கேமராவக் கண்டா ஓடுவா. ஆயுசு கொறஞ்சிருமாம்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்போதுதான் தராசுக்கு மேலே பார்த்தார்.

எழுந்து போய் முகட்டில் விரலை வைத்தார். பாறை, கித்துள் மரம், வாய்க்கால் என்று விரல் கீழே இறங்கியது. பிரேமைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

"இங்கனதான் எங்க வீடு வரணும். காணோமே, தங்கச்சி?"

வாப்பா ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். முழுப் படம் லெப்டொப்பில் இருக்கிறது என்று நான் சொன்னேன். திறந்து காட்டினேன். அவர் கூரையைப் பார்க்கவில்லை. நேராக அந்த வெள்ளையைத் தொட்டார்.

"இந்தா நிக்கிறாளே."

"அது துணி இல்லையா, அண்ணே?"

"துணி எங்கயாச்சும் இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்குமா? பீப்பாய்க்குத் தண்ணி வரலன்னா அப்பிடித்தான் நிப்பா. வாற மொத ஆளு நான்தான், வாங்கிக் கட்டிக்குவேன்."

பெரிதாக்கினேன். இடுப்பில் கை தெரிந்தது. முகத்தைத் தேடி இன்னும் பெரிதாக்கினால் முகம் சாம்பல் நிறச் சதுரங்களாக உடைந்தது. என்னால் முடியாது என்று தோன்றியது. பின்னேரம் அவரையும் வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

பஸ்லி சேர் அன்பாகத்தான் நடந்துகொண்டார். "இப்ப ஏஐ இருக்குதானே, கவலப்படாதீங்க," என்று அந்தச் சதுரங்களை ஒரு செயலியில் போட்டார். தேநீர் ஆறுவதற்குள் முகம் வந்துவிட்டது. பொட்டு, மூக்குத்தி, ஒழுங்கான பல்வரிசை, புன்னகை. பின்னால் இருந்த மாணவர்கள் "ஆ" என்றார்கள்.

அண்ணன் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்காங்க," என்றார். "யாரு இவங்க?"

சேர் திரையை மூடினார்.

முழுப் படத்தையும் வகுப்பு பிரின்டரில் எடுத்து மேசையில் வைத்து, என் அட்டைகள் இரண்டையும் கொடுத்தேன். எப்படி நகர்த்துவது என்று ஒரு தடவைதான் காட்டினேன். அவர் முதலில் அக்காவைச் சுற்றி நெருக்கினார். பிறகு பீப்பாய்க்கு இடம் விட்டார். பிறகு கூரைக்கு. மலைப் பக்கம் வந்ததும் மேல் அட்டையைச் சட்டென்று இறக்கினார்.

"இது வேணாம். இதுக்கெல்லாம் மால போட ஏலாது."

"மலைய வெட்டினா ரொம்பச் சின்னதா வருமே," என்றார் சேர். "பெருசாக்கினா ஒடஞ்சிரும்."

"பெருசாக்க வேணாம் சேர்," என்றேன். வகுப்பில் நான் அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது இதுதான் முதல் தடவை. உள்ளங்கை அளவில் எடுத்தால் உருவம் உடையாது. சுற்றிலும் அகலமாக வெள்ளை அட்டை விட்டுப் பெரிய பிரேமில் வைக்கலாம். முகம் தெரியாது. ஆனால் நிற்கிற விதம் தெரியும்.

அண்ணன் தலையாட்டினார். அட்டையை இன்னும் கொஞ்சம் இறக்க முயன்றேன். கூரைக்கு மேலே, பலா மரத்தின் அடியில், ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அதை நீக்கினால் கூரை வெட்டுப்படும். கோடு என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மண் வெடித்திருந்தது.

"விடுங்க தங்கச்சி. இருக்கட்டும்." அவர் குரல் மாறவில்லை. "அவ அப்பவே எனக்குக் காட்டுனா. மழக்காலம் முடியட்டும், பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

அந்தக் கோட்டையும் நான்தான் போன மாதம் வெட்டியிருக்கிறேன். அன்று கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன்? யாரிடமாவது சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால், "கறை, கண்ணை இழுக்கிறது" என்று எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் அட்டைகளை மடியில் வைத்திருந்தார். இறங்கும்போது திருப்பித் தந்தார்.

நாளை காலை கடை திறக்க முன் தராசுக்கு மேலே உள்ள படத்தைக் கழற்ற வேண்டும். அதே பிரேமை மாத்தளைக்கு எடுத்துப் போய், உள்ளங்கை அளவில் பிரின்ட் எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அந்தக் கோடு ஓடும் மேல் விளிம்பைக் கொஞ்சமும் மடிக்க வேண்டாம் என்று பிரேம் கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.