கழுவாத மூலை

டொமித்திலாவின் வயிற்றிலிருந்த பிள்ளை மூன்றாவது முறையும் ஏழாம் மாதத்தில், வலியுமில்லாமல் ரத்தமுமில்லாமல், காணாமல் போனது. சாயங்காலம் சோள ரொட்டி தட்டும்போது பானைபோல இருந்த வயிறு, காலையில் எழுந்தபோது தட்டையாகக் கிடந்தது. அந்த வாரம் சான் லசாரோவில் விடாத மழை; வாழைத்தார் விலையும் இறங்கியது. மருத்துவச்சி பெட்ரோனா வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "இவ உடம்பே பிள்ளையத் திருப்பி எடுத்துக்கிச்சு. நான் என்னத்தப் பண்ண?" என்று சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாள். புருஷன் நிக்கானோர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான். அவனும் பாவம், வேறென்ன செய்வான்?

அந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. பெரியது மாமனார் பாபியான், சின்னது அவருடைய மூத்த மகன். இருவரையுமே வாழைத்தோட்டத்து மஞ்சத்தாடிப் பாம்புதான் கடித்தது. அந்த ஊரில் ஒன்பது இரவு ஜெபம் முடிந்ததும், செத்தவரின் அறையைச் சாம்பல் தண்ணீரும் அருவதாத் தழையும் போட்டு மூலைவிடாமல் கழுவி, படுக்கையை எரித்துவிட வேண்டும். வாசனை மிஞ்சினால் போனவர் வீடு தேடி வந்துவிடுவார். பாபியான் செத்தபோது மாமியார் எர்சிலியாவுக்குக் கழுவ மனசு வரவில்லை. மறுநாளே அவர் பூனையாக வந்து தன் நாற்காலியில் ஏறித் தொண்டையைச் செருமினார். மகன் விஷயத்திலும் அவள் அழுதபடியே இருந்துவிட்டாள். அவனும் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு கழுவுவதில் எர்சிலியாவை அடித்துக்கொள்ள ஊரில் ஆளில்லை. மருமகளின் வயிறு காலியான ஒவ்வொரு முறையும் ஜெபம் வைத்து, அந்த அறையைச் சுவரின் சுண்ணாம்பு உதிரும்வரை தேய்த்தாள்.

டொமித்திலா பின்கட்டில் வெள்ளைச் சுண்டெலி வளர்த்து, பாம்புக்கடி மருந்து எடுக்கிற நிலையத்துக்குக் கொடுத்து வந்தாள். அங்கே அடைத்து வைத்திருந்த மஞ்சத்தாடிகளுக்கு அதுதான் தீனி. பூனை இருக்கிற வீட்டில் எலியைக் குட்டிபோட வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பெட்டிகளை உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டாள். கதவுக்கு வலை அடித்தாள். ஒளிந்துகொள்ள இருட்டாக மண்கலயங்கள் வைத்தாள். மாமனாரைத் தொட்டுவிட்டால் நாரத்தையும் சாம்பலும் தேய்த்துக் கை கழுவாமல் உள்ளே நுழையமாட்டாள். அத்தனை செய்தும் முதல் வருஷம் தாய்களெல்லாம் தங்கள் குட்டிகளைத் தாங்களே தின்றன. அவள் பெட்டிகளைப் பளிச்சென்று கழுவியதுதான் காரணம். தன் வாசனை இல்லாத இடத்தில் பூனை வாடை மட்டும் தூக்கலாக அடிக்க, தாய் எலி மிரண்டுபோகும். அதன்பிறகு சுத்தம் செய்யும்போதெல்லாம் பழைய கூட்டிலிருந்து ஒரு கைப்பிடி வாழைநாரை எடுத்து வைத்துத் திரும்பப் போட்டாள். குட்டிகள் பிழைத்தன.

மூன்றாவது பிள்ளைக்கான ஜெபமும் முடிந்து மாமியார் முட்டி போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கையில் அப்படி ஒரு பிடி நாரோடு வந்த டொமித்திலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை, இந்த ஒரு மூலையையாவது விட்டுடுங்களேன்."

"விடறதா? மூணும் பூனைக்குட்டியா வந்து நின்னா உன் எலிங்க கதி என்னடி? அப்புறம் சோத்துக்கு எங்க போறது?"

"இது தன்னோட இடம்னு என் உடம்புக்கே தெரியல அத்தை. பயத்துல பிள்ளையத் தின்னுடுது."

"போடி பைத்தியக்காரி. இவளும் இவ எலியும்!" என்று எர்சிலியா இன்னொரு வாளி ஊற்றினாள். அன்று டொமித்திலா வாய்விட்டு அழுதாள். மாமியாரும் அழுதாள், ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

நான்காவது பிள்ளை உண்டானதும் டொமித்திலா தன் அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு எலி அறைக்குக் குடிபோனாள். இதையும் விட்டால் தனக்கு இன்னொன்று தங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் மாதம் பாபியான் வலைக்கதவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் மேலும் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். அவர் பார்க்கப் பார்க்க அவள் ஒடுங்கினாள். முதலில் கட்டில் பெரிதாயிற்று, பிறகு தலையணையே போதுமானதாயிற்று. ஒன்பதாம் மாதம் ஒரு மண்கலயத்துக்குள் கிழிந்த சாக்கும் நாரும் சூழப் படுத்திருந்தாள். வயிறு மட்டும் கலையவில்லை. பெட்ரோனா கண்ணாடி போட்டுக்கொண்டு பிரசவம் பார்த்தாள். "பொண்ணு. மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கு, ஆனா உசிரோட இருக்கு" என்றாள். நிக்கானோர் அந்தக் கலயத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சனிக்கிழமை வழக்கம்போல வீடு கழுவுகிற எர்சிலியா எலி அறைக்கும் வாளியும் பிரஷ்ஷுமாக வந்தாள். பின்னாலேயே பாபியான். கலயத்துக்குள்ளிருந்து நூல்போல ஒரு குரல் வந்தது.

"அத்தை, ஒரு கைப்பிடி."

எர்சிலியா குனிந்து கலயத்துக்குள் பார்த்தாள். பிறகு வாளியை முற்றத்தில் கவிழ்த்தாள். புருஷனைப் பிடரியில் பிடித்துத் தூக்கி, "போதும்யா, உயிரோட இருந்தப்பவும் உன்னால நிம்மதியில்ல" என்று திட்டிக்கொண்டே கோழிக்கூட்டில் போட்டு அடைத்தாள்.

பிள்ளைக்குக் கசில்தா என்று பேர் வைத்தார்கள்; வளர்ந்தாள், மற்றப் பிள்ளைகளைப்போலவே. தாய் வளரவில்லை. கசில்தா பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டுக்கம்பி வழியே தாத்தாவைத் தடவிக் கொடுப்பாள்; அப்புறம் நாரத்தை தேய்த்துக் கை கழுவி, ரொட்டியில் ஒரு விள்ளலோடு பின்கட்டுக்குப் போய் அன்றைய பாடத்தைக் கலயத்துக்குச் சொல்வாள். நிக்கானோர் வேறு கல்யாணம் கட்டவில்லை. எர்சிலியா இன்றும் வீடு முழுக்கக் கழுவுகிறாள், அந்த மூலையைத் தவிர.

ஒருமுறை நிலையத்திலிருந்து எலி எடுக்க வந்த புது ஆள், எல்லாப் பெட்டிகளையும் பார்த்துவிட்டு அந்தக் கலயத்தின்மேல் கை வைத்தார்.

"அதத் தொடாதீங்க. அது என் மருமக. விக்கிறதுக்கில்ல" என்றாள் எர்சிலியா.

அவர் சரி என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டு, அடுத்த பெட்டியைத் திறந்தார்.