பதினெட்டு வெள்ளை, பதினெட்டு கறுப்பு

தி. நகரில் டாக்டர் ஹம்சா நடத்தும் குழந்தைப்பேறு மையத்துக்கு வருகிறவர்கள் மெஷினை நம்பி வருவதில்லை, கைராசியை நம்பித்தான் வருகிறார்கள். ஹம்சாவுக்குக் கைராசி என்று மயிலாப்பூர் முழுக்கப் பேச்சு. ஆனால் பேச்சு ஓரிடத்தில் நிற்கிற சமாச்சாரமா? டாக்டரின் கையைப் பேசி முடித்தவர்கள், உள்ளே லேபில் இருப்பவர்களின் கையைப் பேச ஆரம்பித்தார்கள்.

லேபில் இரண்டே பேர். சீனியர் குருபிரசாத், போன வருஷம் வந்து சேர்ந்த கயல். கருவை லேபில் வளர்த்து, நாள் வந்ததும் மெல்லிய குழாயில் ஏற்றி டாக்டரிடம் நீட்டுவது அவர்கள் வேலை. யாருடைய முறையில் வருகிறதோ அவர் ஏற்றுவார். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்தவள் கயல். அரசாங்கம் வீட்டை இடித்துக் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி வந்து படிப்பை முடித்தவள். மைக்ரோஸ்கோப்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் அவளுக்குக் கிடையாது.

ஒரு நாள் சூடாமணி என்கிற அம்மாள், மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "அந்தப் பொண்ணு கை வேண்டாம். குருபிரசாத் இருக்கற நாளாப் பாத்துக் குடுங்கோ."

அந்த வெள்ளிக்கிழமை ஹம்சா கயலை அறைக்குக் கூப்பிட்டார்.

"வதந்தியை நம்பற ஆள் நான் இல்லை, கயல். அதனாலதான் கணக்காவே போட்டுப் பாத்தேன். நீ வந்ததிலேர்ந்து ரெண்டு பேரும் ஆளுக்குப் பதினெட்டு ஏத்தியிருக்கேள். குருபிரசாத்துக்குப் பதினொண்ணு தங்கியிருக்கு. உனக்கு ஏழு." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "பி-வேல்யூ பாயிண்ட் மூணு ரெண்டுன்னு வரது. அதாவது, இது தற்செயலா இருக்க முப்பத்திரண்டு பர்சன்ட்தான் சான்ஸ். மீதி அறுபத்தெட்டு பர்சன்ட் உன் கைதான்னு சொல்றது. பேஷண்ட்ஸ் வேற பேசிண்டிருக்கா. கொஞ்ச நாள் ஆதம்பாக்கம் பிராஞ்சுல ரத்த சாம்பிள் பாத்துக்கோயேன். உன் ஆத்துக்கும் பக்கம். திங்கட்கிழமை முடிவு பண்ணிக்கலாம்."

கயலும் இதைக் காலேஜில் படித்தவள்தான். பாயிண்ட் ஜீரோ ஐந்துக்குக் கீழே வந்தால் 'வித்தியாசம் உண்டு' என்று எழுத வேண்டும், மேலே போனால் 'இல்லை' என்று எழுத வேண்டும், எழுதினாள், பாஸானாள். அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இப்போது அறுபத்தெட்டு என்று முகத்துக்கு நேரே சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

ஆதம்பாக்கம் அவளுக்குப் பெரிய துக்கம் இல்லை. அவள் ஏற்றித் தங்காமல் போன பதினொன்றுதான் துக்கம். அது பதினொரு வீடு. மீர்சாகிப்பேட்டை அஸ்மத்துன்னிசா அதில் ஒருத்தி. ரிசல்ட் தெரிந்த அன்று அந்த அம்மாள் லிஃப்ட் முன்னால் பட்டனை அழுத்தாமல் வெகுநேரம் நின்றாள். அதிலிருந்து அவளை ஹாலில் கண்டாலே கயல் பின்படி வழியாக இறங்கிவிடுவாள். தன் கை கொன்றுவிட்டதோ என்கிற நினைப்பு சோற்றில் கைவைக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் சித்தார்த்தன் கேரம் கிளப்பிலிருந்து உர்ரென்று வந்தான். லிஃப்ட் மெக்கானிக், ஆனால் உயிர் கேரம் போர்டில். புதிதாக வாங்கிய ஸ்ட்ரைக்கரைக் கட்டிலில் வீசினான்.

"இது ராசியே இல்ல கயலு. வரிசையா நாலு போர்டு பூட்சு."

"பழைய ஸ்ட்ரைக்கர்ல தோத்ததே இல்லியா நீ?"

"தோத்துக்கினுதான் இருந்தேன். அது நான் சரியா ஆடாததுனால."

மூன்று நாளில் முதல் தடவையாகக் கயல் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. தன்னைப் பற்றிச் சொன்னதும் இதே கதைதானோ?

"உங்கிட்ட ரெண்டு செட் காய் கீதா?"

சிவப்புக் காய்களை ஒதுக்கியதும் பதினெட்டு வெள்ளை, பதினெட்டு கறுப்பு கச்சிதமாக நின்றன. தங்கியதும் மொத்தம் பதினெட்டு, தங்காததும் பதினெட்டுதானே! எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக் குலுக்கினாள்.

"வெள்ளை தங்கினது, கறுப்பு தங்காதது. யாரு கையா இருந்தாலும் ஒண்ணுதான்னு வெச்சிக்கோ. கண்ண மூடிக்கினு பதினெட்டு எடு, அது என் பங்கு. பையில மிச்சம் இருக்கறது குருபிரசாத் சார் பங்கு."

சித்தார்த்தன் எடுத்தான். ஒன்பது வெள்ளை. திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தான். எட்டு. மூன்றாம் தடவை எண்ணிவிட்டு வாயைப் பிளந்தான்.

"த பார்றா, ஏழு! நான் ஒண்ணியும் பண்லயே!"

"அதான் நானும் சொல்றேன். நானும் ஒண்ணியும் பண்ல."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வெறி பிடித்துவிட்டது. டீ ஆறி ஆடை கட்டியது. ஐம்பது தடவை எடுத்தார்கள். நாலு அல்லது அதற்கு மேல் வித்தியாசம் பதினேழு தடவை வந்தது, சில சமயம் அவள் பக்கம், சில சமயம் குருபிரசாத் பக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கம்ப்யூட்டர் சொன்ன முப்பத்திரண்டு பர்சன்டும் இதேதான்! அது அவள் கைமேல் போட்ட பழி இல்லை. கைக்கு எந்தப் பங்கும் இல்லாவிட்டாலும், மூன்று தடவைக்கு ஒரு தடவை இந்த அளவு வித்தியாசம் தானாகவே வந்து நிற்கும் என்றுதான் அந்த எண் சொல்லியிருக்கிறது. ஐம்பதில் இரண்டு தடவைதான் வந்தது என்றால் சந்தேகப்படலாம். பதினேழு தடவை வருகிற ஒன்றை வைத்து ஒருத்தியை எப்படிச் சந்தேகப்படுவது?

கயல் காய்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ எழுந்து போனது. அப்பாடா என்றிருந்தது.

"அப்போ உன் கை சூப்பர் கைன்னு ப்ரூஃப் ஆயிட்சு!" என்றான் சித்தார்த்தன்.

"அதுவும் ஆகல. இந்த முப்பத்தாறை வெச்சிக்கினு என் கையப் பத்தி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. அவ்ளோதான்."

"அது போதுமா உனக்கு?"

"போதும்யா. தாராளமா போதும்."

திங்கட்கிழமை டாக்டரின் மேஜைமேல் பையை வைத்து விஷயத்தைச் சொன்னாள். ஹம்சா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பைக்குள் கையை விட்டார். கயலின் பங்கு பன்னிரண்டு வெள்ளை. குருபிரசாத்துக்கு ஆறு.

"ஐயையோ, அப்போ குருபிரசாத்தைன்னா ஆதம்பாக்கம் அனுப்பணும்!"

இன்னும் நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "அந்த நம்பரைத் தலைகீழாப் புரிஞ்சுண்டிருக்கேன், கயல். உன்னை அனுப்பறதுக்கு நேக்கும் மனசே இல்லை. ரெண்டு நாளா தூக்கம் இல்லை, தெரியுமா? நீ எங்கேயும் போக வேண்டாம். கேஸ் நிறையச் சேரட்டும், ரெண்டு பேருக்கும் சேத்தே பாப்போம். சூடாமணி மாமியை நான் பாத்துக்கறேன்."

கயல் வெளியே வந்தாள். ஹாலில், தூணோரம், அஸ்மத்துன்னிசா. இரண்டாம் தடவை கரு ஏற்றிக்கொள்ள வந்திருந்தாள். கயலின் கால் பழக்கத்தில் பின்படிப் பக்கம் திரும்பியது. நின்றாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா. எப்படி இருக்கீங்க?"

அஸ்மத்துன்னிசா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "ஒண்ணு கேக்கணும்மா. வூட்ல யாரண்டயும் சொல்லல. போன தபா இங்கேருந்து போறப்ப ஆட்டோ கெடைக்கல, பஸ்ல போய்ட்டேன். ராயப்பேட்டையண்ட ஒரு பள்ளம், தூக்கிப் போட்ச்சு. அதுலதானே போச்சு? நான்தானே தொலைச்சேன்?"

இத்தனை மாசமாக ஒரே பழியை, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, இரண்டு பேருமே சுமந்திருக்கிறார்கள்.

"பஸ் தூக்கிப் போட்டா கரு கலைஞ்சிடாதுக்கா. தங்கலன்னா தங்கல. உங்க தப்பு இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா. உங்க தப்பும் இல்ல, யாரு தப்பும் இல்ல."

அஸ்மத்துன்னிசா ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்.

"இன்னிக்கு ஏத்தித் தர்றது யாரும்மா?"

"நான்தான்க்கா."

"சரிம்மா" என்றாள் அஸ்மத்துன்னிசா. உள்ளே பெயர் கூப்பிடும்வரை கயலின் கையை அவள் விடவில்லை.