மழைக்கும் மலைக்கும் நடுவே

பிழை திருத்துபவரின் மூன்று வயது மகள் மழையைப் பார்த்து "மலை" என்று சொன்ன செவ்வாய்க்கிழமை, தூறல் நின்று, கொல்லையில் இடுப்புயரத்துக்கு ஒரு மலை முளைத்தது. மறுநாள் அவள் அதே சொல்லைத் திருத்தமாக உச்சரிக்க, தெளிந்த வானத்திலிருந்து அவர்கள் வீட்டுக் கூரைமீது மட்டும் பெய்தது. வியாழனன்று "மயை" என்றாள். அப்படியொரு பொருள் உலகில் இல்லாமையால் எதுவும் நிகழவில்லை. வெள்ளியன்று மீண்டும் மலை; முன்னதற்குத் தம்பி போல் ஒன்று.

அச்சகத்தில் இருபது ஆண்டுகளாக ஓர் ஒற்றுப்பிழைக்கும் இடம் கொடாத தந்தைக்கு மலைகள் பொருட்டாகத் தோன்றவில்லை. ஒருமுறை சரியாக வந்த சொல் மறுபடி ஏன் பிசக வேண்டும் என்பதே அவரைக் குடைந்தது. மகளுக்கு ஏதேனும் குறையோ என்ற அச்சமும் உள்ளூர அரித்தது. குறிப்பேடு ஒன்றில் அவள் சொற்களை நாள்வாரியாகப் பதிந்தார். "பழம்" "பலம்" ஆனபோது தையற்காரியான மனைவி தையல் இயந்திரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அடியில் பெருக்கியதும், "கிளி" "கிலி" ஆனபோது தெருவே கால்மணி நேரம் காரணமின்றி நடுங்கியதும் அதில் உள்ளன.

பேச்சுப் பயிற்சியாளர் குழந்தையின் வாயையும் குறிப்பேட்டையும் பார்த்துச் சிரித்தார். "இந்த வயசுல ஒரே சொல் நாலு விதமா வரும் சார். சரியா வந்த பிறகும் வழுக்கும். நாக்கு இடம் தேடுது. விட்டுடுங்க."

தந்தைக்கு விட மனம் வரவில்லை. நாக்கை மடித்துக் காட்டி, காலையும் மாலையும் ழகரம் பயிற்றினார். ஐந்தாம் நாள் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. பதினொரு நாள் அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. கொல்லையில் மலைகள் கரையத் தொடங்கின.

"பெத்த பிள்ளைய புரூஃப் பாத்தா அது வேற என்னங்க செய்யும்?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் மழை பிடித்தது. மகளைத் தூக்கிக்கொண்டு சன்னலருகே நின்ற அவர், வாழ்நாளில் முதன்முறையாகத் தெரிந்தே ஒரு பிழை செய்தார்.

"பாரும்மா, மலை பெய்யுது."

குழந்தை அவர் வாயை உற்றுப் பார்த்தது. பின்னர் அவர் உதட்டில் விரலை வைத்து, "மலை இல்லப்பா, மயை," என்று பொறுமையாகத் திருத்தியது. கொல்லையில் மலைகள் மறுபடி நிமிர்ந்தன.

ஐந்து வயதில் ழகரம் தானாக வந்து அமர்ந்தது. அதற்குள் மலைகள் ஏழாகியிருந்தன; மனைவி அவற்றின்மீது துணி உலர்த்துகிறாள். அண்மையில் அச்சகத்தில் ஒரு மெய்ப்பில் "காலையிலிருந்து மலை பெய்கிறது" என்று வந்தது. பிழை திருத்துபவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். சன்னல் வழியே எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே திருத்தினார்.